பசியும் முதற் சீலமும்

மனைவி மக்களின் பசி தீர்க்கக் காட்டிற்குச் சென்று கடமான் ஒன்றை வீழ்த்துபவன் பஞ்சசீலத்தின் முதற் சீலத்தை மீறியவனா? நம் உபாசகர் பலரின் உள்ளத்தில் இவ்வினா எழுகின்றது. மறுமொழி எளிதெனத் தோன்றும், எளிதன்று.

மைசூருக்குத் தென்மேற்கிலுள்ள ஹெக்கடதேவனகோட்டைக் காடுகளைக் கருதுவோம். அங்கே ஜேனு குறுபர் தேனும் கிழங்கும் திரட்டி, வாய்த்தபோது விலங்கும் பிடித்து உயிர் வாழ்ந்தனர். அந்நாட்டுக் காடுகளிலேயே மைசூர் மன்னரும் அவர்தம் விருந்தினரான ஆங்கிலேயரும் வேட்டையாடினர். அவ்வாறு வீழ்ந்த புலியும் சிறுத்தையும் மைசூர் நகரில் வான் இன்ஜென் என்னும் நிறுவனத்தில் பாடம் செய்யப்பட்டு, மாளிகைச் சுவர்களில் கண்ணாடிக் கண்களுடன் விழித்து நின்றன. அவ்வூனை எவர் பசிக்கும் எவரும் சமைக்கவில்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் மரபுரிமைகள் பலவற்றை ஏற்றும், வேட்டையுரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கிவிட்டது. அழியும் உயிரினங்களைக் காப்பது நன்றே. அதனை நாம் பழிக்கவில்லை. எனினும் ஒருவன் பெருமைக்காகவும் மற்றொருவன் பானைக்காகவும் கொன்றிருக்க, இருவரையும் ஒரே தராசில் நிறுத்த நம் மனம் ஒப்பவில்லை.

தம்மம் என்ன கூறுகின்றது? உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் சாவு என ஐந்தும் கூடின் கொலையாம் என்பர் உரையாசிரியர். பசித்த வேடனிடத்தும் இவ்வைந்தும் உள. ஆகவே சீலம் மீறப்படவில்லை என்று நாம் மழுப்ப முடியாது. ஆயினும் அண்ணல் அம்பேத்கர் 1957இல் வெளிவந்த தம் பௌத்த நூலில், கொல்லும் விருப்பத்தையும் கொல்ல நேரும் தேவையையும் வேறுபடுத்திக் காட்டினார். அகிம்சையை ஒரு நெறியெனக் கொண்டாரேயன்றி, ஆராயாது பற்றும் விதியெனக் கொள்ளவில்லை.

வேட்டையைக் கைவிட்டுத் தம்ம யாத்திரை மேற்கொண்ட அசோகச் சக்கரவர்த்தியின் அடுக்களையும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நாள்தோறும் பல்லாயிரம் உயிர் கொன்ற இடத்தில் இரு மயிலும் ஒரு மானுமாகக் குறைந்ததை அவர் முதற் பாறைக் கல்வெட்டே ஒளியாது உரைக்கின்றது. அவையும் இனிக் கொல்லப்படா என்கின்றது. பேரரசனுக்குக் கிட்டிய அவகாசத்தைக் குடிசைவாசிக்கு மறுப்பது நியாயமா? நம் முன்னோரை அவர் உண்டதைக் காட்டியே இழிவு செய்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. சந்தையில் காசு கொடுத்து ஊன் வாங்கி, கத்தியைப் பிறர் கையில் விட்டு, வேடனைக் கண்டு முகம் சுளிப்பவர் நம்மிடையேயும் உளர்.

தம்மபத உரையில் குக்குடமித்தன் என்னும் வேடனின் கதை உண்டு. அவன் மனைவி மணத்திற்கு முன்பே சோதாபத்தி நிலை எய்தியவள்; அவளே அவனுக்கு வில்லும் வலையும் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குப் பாவம் உண்டோ எனப் பிக்குகள் வினவினர். கொல்லும் எண்ணம் அவளிடம் இல்லை என்றார் பகவான். அவ்வேடனிடமும் அவர் கடிந்து பேசாது, தம்மமே உரைத்தார். அவனும் அவன் மக்களும் வில்லைக் கீழே வைத்தனர்.

மறுநாள் அவ்வீட்டில் எது உலையேறியது என்பதைக் கதை கூறவில்லை. ஹெக்கடதேவனகோட்டையில் நம்மிடம் முதலில் கேட்கப்படுவது அதுவே.