போன இடத்துத் தெய்வம்



நமது பாட்டன் பூட்டன்மார் 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாவுல வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். காட்டுவழியில் கொள்ளைநோய்க்கு மாண்டவர் அநேகர். மாரியம்மனை நெஞ்சில் சுமந்து வந்த அவர்கள், இம்மண்ணின் தெய்வங்களை அந்நியமென எண்ணவில்லை. சிவனொளிபாதமலை ஏறினர். கதிர்காமத்தில் சிங்கள மக்களோடு ஒன்றாய் நின்று கும்பிட்டனர். சிங்களவரும் நம் கண்ணகியைப் பத்தினித் தெய்வமாகப் போற்றுகின்றனர். அருகிலுள்ள நாலந்தா கெடிகேயைப் பாருங்கள். பௌத்த வழிபாட்டிடம், கட்டிடமோ பல்லவர் கோயிற் சாயல்! (நீர்த்தேக்கத்துக்காக அதைக் கல் கல்லாய்ப் பெயர்த்து வைத்ததை மூத்தோர் அறிவர்.)

இன்று எம்மவர் ஜேர்மனி, கனடா என்று போயிருக்கின்றனர். ஜேர்மனியின் ஹம் நகரில் 2002இல் காமாட்சி அம்பாளுக்குக் கும்பாபிஷேகம் செய்த அந்நாட்டுச் சைவர்களில் பலர், கெவலார் மாதா கோயிலுக்கும் சென்று மெழுகுதிரி ஏற்றுகின்றனர். போன நாட்டாரின் வழிபாட்டைக் கேலி செய்யும் பிள்ளையைத்தான் நான் கண்டிப்பேன். ஆனால் "சைவப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?" என்று தொலைபேசியில் ஏசும் பெற்றோரும் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மன்னார்ப் பக்கம் போனால், மடுமாதாவைக் கும்பிடாமலா திரும்புகிறீர்கள்?