தாவீது குடிக்காத தண்ணீரும் என் வெள்ளைச் சட்டையும்



போன கிறிஸ்மஸுக்கு என் அக்காள் மகன் லண்டனிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை கொண்டுவந்தான். "விலை ரொம்பக் குறைச்சல் மாமா, நம்ம ஊர்லகூட இந்த விலைக்குக் கிடைக்காது" என்றான். அதைப் போட்டுக்கொண்டு ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொன்னேன். கேட்காமலே கர்த்தர் சீமைச் சட்டை கொடுத்தார் என்று! சபையும் அல்லேலூயா சொன்னது.

ஆராதனை முடிந்ததும் ஒரு வயதான சகோதரி வந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் பல வருஷம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர்கள். "பாஸ்டர் ஐயா, இவ்வளவு சல்லிசா வித்தா, தைச்சவளுக்கு என்ன கிடைச்சிருக்கும்?" என்று கேட்டார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் லேபிளைப் பார்த்தேன். மேட் இன் பங்களாதேஷ்.

டாக்கா பட்டணத்துக்குப் பக்கத்தில் சாவரில், 2013 ஏப்ரல் 24-ந் தேதி காலையில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கலாம். முந்தின நாளே விரிசல் கண்டது. கீழே இருந்த பாங்க்கையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். மேலே இருந்த தையல் கம்பெனிகளின் ஜனங்களை மட்டும் மறுநாள் வேலைக்கு ஏறச் சொன்னார்கள். ஏறாவிட்டால் சம்பளம் போய்விடும் என்று மிரட்டல். 1,134 பேர் செத்தார்கள். அன்றைக்கு அந்தத் தொழிலில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டக்கா. 40 டாலர்கூட இல்லை!

17-ம் நாளில் இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் உயிரோடு எடுக்கப்பட்டாள். அந்த வாரம் நான் அதைத்தான் அற்புதம் என்று பிரசங்கித்து சபையை அழவைத்தேன். 1,134-ஐப் பற்றி வாய் திறக்கவில்லை.

2 சாமுவேல் 23-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெத்லகேம் கிணற்றுத் தண்ணீருக்கு தாவீது ஆசைப்பட்டான். மூன்று பேர் பெலிஸ்தரின் பாளயத்தைக் கடந்துபோய் மொண்டு வந்தார்கள். அவனோ குடிக்கவில்லை, அது அவர்கள் உயிரைப் பணயம் வைத்து வந்த தண்ணீர் என்று கர்த்தருக்கு முன்பாக ஊற்றிவிட்டான். பைபிள் காலேஜில் இதை அர்ப்பணிப்புக்கு உதாரணமாக எழுதி நல்ல மார்க் வாங்கினேன். அந்த மூன்று பேரின் வீரம்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. தாவீதின் தொண்டையில் அது இறங்காதது தெரியவில்லை.

சரி, சட்டையை எரித்துவிடலாமா? அங்கே சுமார் 40 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், பாதிக்கு மேல் பெண்கள். எல்லாரும் வாங்காமல் விட்டால் அவர்கள் வீட்டு அடுப்புதான் அணையும். ஆனால் கேள்வி கேட்டால் பலன் உண்டு. தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள், வாங்குகிற தேசத்து ஜனங்கள் சத்தம் போட்டார்கள். 2013 மே மாதத்திலேயே ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகள் பல, கட்டிடப் பாதுகாப்புக்கு ஒப்பந்தம் போட்டன. அந்த டிசம்பரில் குறைந்தபட்சச் சம்பளம் 5,300 டக்கா ஆனது. 2023 டிசம்பரில் 12,500. அதுவும் போதாது என்றுதான் ஜனங்கள் போராடினார்கள்.

நாம் எங்கே ஐயா பணக்காரர் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மலிவாகக் கிடைத்ததற்கெல்லாம் ஆசீர்வாதம் என்று பேர் வைத்தால், மீதியை யார் கட்டினார்கள் என்று கேட்கவே தோன்றாது. லூக்கா 19-ல் சகேயு இரண்டு கணக்கு வைத்தான்: ஏழைகளுக்குக் கொடுப்பது ஒன்று, அநியாயமாய் வாங்கியதைத் திருப்பித் தருவது ஒன்று. நம் சபைகளில் முதல் கணக்கு மட்டும்தான் நடக்கிறது.

இதை எழுதும்போது ஆவியானவர் என்னை வேறொரு இடத்தில் பிடித்தார். நம் ஜெபவீடு கட்டியபோது மூன்று சித்தாள் பெண்களுக்கு, "தேவ காரியம்தானே அம்மா" என்று சொல்லி, நாளுக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். நானே பேசி முடித்த கூலி. இருபத்திரண்டு நாள் வேலை. போன திங்கட்கிழமை ஒருத்தி வீட்டைக் கண்டுபிடித்து 1,100 ரூபாய் கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "இது காணிக்கையா சாமி?" என்று கேட்டாள். இல்லை, உன் கூலி என்றேன். இன்னும் இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் இருக்கிற இடம் தெரிந்தவர்கள் சபையில் சொல்லுங்கள்.