அவன் வினையும் நம் வினையும்

வகுப்பறையில் ஒரு மாணவன் வலிப்பு வந்து விழும்போது, சுற்றி நிற்போர் வாயிலிருந்து எழும் சொல் பெரும்பாலும் 'ஐயோ, அவன் வினை' என்பதே. வினைக்கொள்கையை உயிர்நாடியாகக் கொண்ட சமணர்களாகிய நாம் இச்சொல்லைச் சற்று ஆராய வேண்டும். துன்பம் அவரவர் வினைப்பயன் எனின், அதனைத் துடைப்பது பிறர் கடமையாகுமா?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் இதற்கு விடை தருகிறது. பிற உயிரைத் துன்புறுத்துதலும் அழச் செய்தலும் அசாதா வேதனீய வினையைக் கட்டுவிக்கும் என்றும், உயிர்களிடத்து இரக்கமும் தானமும் சாதா வேதனீயத்தைத் தரும் என்றும் அங்கே வகுத்துரைக்கப்பட்டுள்ளது. விழுந்த மாணவனுடைய வினை அவனுக்குரியது, ஐயமில்லை. ஆனால் அவனை ஏளனம் செய்யும் கணத்தில் கட்டப்படுவது நம் வினை. மேலும், வினை பயன் தருவதற்கு இடமும் காலமும் பிற நிமித்தங்களும் வேண்டும். மருந்தும் பரிவும் அந்நிமித்தங்களை மாற்ற வல்லவை. அன்றேல் நான்கு தானங்களுள் ஔடத தானத்தை ஆன்றோர் வைத்திருக்கமாட்டார்.

வலிப்பு நோய், மூளை நரம்பணுக்களில் திடீரென எழும் மிகையான மின்கிளர்ச்சியால் வருவது. அது தொற்றுவதன்று, பேய் பிடித்ததுமன்று. உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு என்றும், முறையான மருத்துவத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தார்க்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் இதற்கான அறுவைச் சிகிச்சையும் நடைபெறுகிறது. இருந்தும், கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் மறையவில்லை. நம் நூல்கள் உலக மூடம் என விலக்கியது இத்தகையதையே.

செய்யத்தக்கவை எளியவை. கூரிய பொருள்களை அகற்றுதல், தலைக்கடியில் மெத்தென்ற துணி வைத்தல், ஒருக்களித்துப் படுக்க வைத்தல், கை கால்களை அழுத்திப் பிடியாமை, வாயில் எதனையும் வையாமை, நேரத்தைக் கணக்கிடுதல். 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108 ஆம்புலன்சை அழைத்தல் வேண்டும். சில பிள்ளைகள் விழுவதில்லை. சில நொடிகள் வெறித்து நோக்கி இருப்பர். இதனைக் கவனக்குறைவு எனக் கருதித் தண்டிப்பது கொடுமை. நன்னூல் தந்த பவணந்தி முனிவர் ஆசிரியருக்கு நிலத்தை உவமையாக்கினார். நிலத்தின் பொறுமை இவ்விடத்தே வேண்டப்படுகிறது.

ஆயினும் பெற்றோர் பலர் பள்ளியில் இதனைச் சொல்வதில்லை. பெண்பிள்ளையாயின் திருமணம் தடைபடும் என்னும் அச்சம் மிகுதி. ஒரு காலத்தில் சட்டமே இவ்வச்சத்திற்குத் துணை நின்றது. சமணர்க்கும் பொருந்தும் இந்து திருமணச் சட்டம், 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அடிக்கடி வலிப்பு வருவோரை மணத்திற்குத் தகாதார் வரிசையில் வைத்தது. 1999-இல் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டம் நீக்கியதை நம் மனம் நீக்கியதா?

பிறர் குறையை மறைக்கும் உபகூகனம் நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றன்றோ எனச் சிலர் வினவலாம். அது அறநெறியில் தவறியோர் குற்றத்தைப் பற்றியது. நோய் குற்றமன்று, அதனைக் குற்றம்போல் மறைத்தால் நாமே அதைக் குற்றமாக்கியவராவோம். வகுப்பாசிரியரிடம் கூறுவதும் ஊர் வாயில் இடுவதும் ஒன்றல்ல. அறிய வேண்டியவர்க்கு அறிவித்து, வம்பு பேசுவோரிடமிருந்து காப்பதே நெறி.

நம் இல்லங்களுக்கே உரிய வினா ஒன்றும் உண்டு. தசலட்சண பருவ நோன்பிலும், பொழுது சாய்ந்த பின்னும் மாத்திரை கொடுக்கலாமா? வேளை தவறிய மருந்து, பட்டினி, உறக்கமின்மை ஆகியவை வலிப்பைத் தூண்டக்கூடும். சோடச பாவனைகளில் தவமும் தியாகமும் சக்திக்கேற்றவை என்றே கூறப்பட்டன. மருத்துவரைக் கேட்டு மாத்திரை வேளையைப் பகலுக்குள் அமைக்க இயலுமாயின் நன்று. இயலாதெனின் மருந்தே முதன்மை. மருந்தை நிறுத்திப் பிள்ளையை நோற்கச் செய்வது தவமன்று, ஹிம்சையே. மௌனமும் விருப்பச்சுவை ஒன்றைத் துறத்தலும் அப்பிள்ளைக்கு உகந்த நோன்புகள்.

விளவங்கோடு வட்டத்துச் சிதறாலில், திருச்சாரணத்து மலைமேல், தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இன்றும் உள்ளன. அங்குள்ள 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவியின் கொடையைக் கூறுகிறது. குரத்தி என்பார் ஆசிரியை. பள்ளி என்பது முன்னர்ச் சமண முனிவர் உறைவிடத்தின் பெயர். சாத்திர தானமும் அபய தானமும் ஒருங்கே நிகழ வேண்டிய இடம் அது. வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது, நோயுள்ள பிள்ளையின் மருந்தையும் முதலுதவியையும் ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுப்போம். நம் பிள்ளைகளுக்கோ, விழுந்த தோழனைக் கண்டு விலகி ஓடாதிருக்கக் கற்பிப்போம்.