மாப்பிள்ளைக்குக் கால் ஒடிஞ்சா…

மாலை போட்ட சாமிங்க முன்வரிசையில நிறைய பேர் உட்கார்ந்திருக்கீங்க. சந்தோஷம். இன்னிக்குச் சொல்லப்போறது உங்களுக்குத்தான். சபரிமலைக்குப் போற வழியில அம்பலப்புழை போவீங்க. கிருஷ்ணனைச் சேவிப்பீங்க, பால் பாயசம் வாங்குவீங்க. என் கேள்வி இதுதான்: பாயசம் கைக்கு வந்ததும் வண்டியில ஏறிடறீங்களே, ஏன்?

அங்கிருந்து கிழக்கே மூணு கிலோமீட்டர்தான். கருமாடின்னு ஒரு ஊர். தென்னையும் வாய்க்காலும் சூழ்ந்த இடத்துல, ஒரு சின்ன மண்டபத்துல புத்தர் உட்கார்ந்திருக்கார். கருமாடிக்குட்டன்னு ஊரே கொண்டாடுது. கருங்கல். மூணடி உயரம் இருக்கும். பத்மாசனம். ஆனா பாதி உடம்புதான். இடது பக்கம் இல்லை. யானை உடைச்சதுன்னு ஊர்ல சொல்றாங்க.

"புத்தர் நம்ம சாமியா?"ன்னு இங்க ஒருத்தர் முகம் கேக்குது. அஷ்டபதி பஜனையில தாளம் போடறீங்களே, தசாவதாரம் பாடறீங்களே, ஜயதேவர் ஒன்பதாவதா யாரை வெச்சார்? யாகத்துல பசு சாகறதைப் பார்த்து உருகினவரைத்தானே? வாய் பாடுது, மனசு கேக்க மாட்டேங்குது!

அந்தக் கடற்கரையில ஒரு காலத்துல ஸ்ரீமூலவாசம்னு பெரிய பௌத்தத் தலம் இருந்தது. ஆய் ராஜா விக்கிரமாதித்ய வரகுணன் அதுக்கு நிலம் எழுதி வெச்சது பாலியம் செப்பேட்டுல இருக்கு. நம்ம மணிமேகலை வஞ்சிக்குப் போய்த் தர்மம் கேட்டாளே, அது சேர நாடுதானே? இன்னிக்கு ஸ்ரீமூலவாசம் இல்லை. பாதி உடம்போட கருமாடிக்குட்டன் இருக்கார். ரொம்ப நாள் வாய்க்கால் தண்ணியிலேயே கிடந்தார். 1930கள்ல ராபர்ட் பிரிஸ்டோ, கொச்சித் துறைமுகம் கட்டின இங்கிலீஷ் என்ஜினியர், அவர் முயற்சியிலதான் காப்பாத்தி வெச்சாங்க. 1965ல தலாய் லாமாவே வந்து வணங்கிட்டுப் போனார். நாம பாயசத்தோட திரும்பிடறோம்.

"பின்னமான மூர்த்தியைக் கும்பிடலாமா? ஜலத்துல விடணும்னு சாஸ்திரம் இருக்கே?" நியாயமான கேள்வி. இதே கேள்வி தட்சிணேஸ்வரத்துல வந்தது. 1855ல ராணி ராசமணி கட்டின கோயில். கோகுலாஷ்டமிக்கு மறுநாள், கோவிந்தனைத் தூக்கிட்டுப் போன அர்ச்சகர் வழுக்கி விழுந்தார். பெருமாளுக்குக் கால் ஒடிஞ்சு போச்சு. பண்டிதர்கள் கூடினாங்க. கங்கையில விட்டுட்டுப் புது விக்கிரகம் வைக்கணும்னு தீர்ப்பு. ராணிக்கு மனசு கேக்கலை. ராமகிருஷ்ணரைக் கேட்டாங்க. அவர் என்ன சொன்னார்? "உங்க மாப்பிள்ளைக்குக் கால் ஒடிஞ்சா, அவரைத் தூக்கிப் போட்டுட்டு வேற மாப்பிள்ளை பார்ப்பீங்களா? வைத்தியம்தானே பார்ப்பீங்க?"

சிரிக்கறீங்க. அந்தம்மா பலமா சிரிக்கறாங்க, அவங்க மாப்பிள்ளை பக்கத்துலயே இருக்கார் போல! சிரிங்க, ஆனா விடாதீங்க. மாப்பிள்ளைக்குக் கால் ஒடிஞ்சா விடுவீங்களா? மாட்டீங்க. ராமகிருஷ்ணர் தன் கையாலேயே அந்தக் காலை ஒட்டவெச்சார். பூஜை நடந்தது. சாஸ்திரம் தப்புன்னு நான் சொல்லலை. சாஸ்திரம் தெரிஞ்சவருக்கு மேல பிரியம் தெரிஞ்சவர் ஒருத்தர் இருந்தார், அவ்வளவுதான்.

கருமாடிக்காரங்களுக்கு இந்தக் கதை தெரியுமோ தெரியாதோ, செய்யறது அதைத்தான். நான் போனப்போ ஒரு அம்மா தூக்குல எண்ணெய் கொண்டு வந்தாங்க. திரியை விரலால நிமிண்டி விளக்கேத்தினாங்க. ரெண்டு பூவை வலது பக்கம் வெச்சாங்க. அப்புறம் ரெண்டு பூவை எடுத்து, உடம்பே இல்லாத இடது பக்கத்துலயும் வெச்சாங்க! நான் அப்படியே நின்னுட்டேன். அவங்க கண்ணுக்கு அங்க குறையே இல்லை. மாப்பிள்ளைக்குக் கால் ஒடிஞ்சா மாப்பிள்ளை இல்லைன்னு ஆயிடுமா?

நாம என்ன செய்யறோம்? லேசா மூக்கு தேஞ்ச பிள்ளையாரை அரசமரத்தடியில கொண்டுபோய் வெச்சுட்டுத் திரும்பிப் பார்க்காம வரோம். படத்துக் கண்ணாடி கீறினா, ராத்திரியோட ராத்திரியா கோயில் மதிலோரம் சாத்திட்டு ஓடறோம். சாமியை மட்டுமா? பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன அப்பாவைப் பின்கட்டுல படுக்க வெச்சுட்டு, இங்க வந்து முன்வரிசையில உட்கார்ந்து தலையாட்டறவங்க இருக்கோம். கோவிச்சுக்காதீங்க. கோவம் வந்தாலும் பரவாயில்லை, இன்னிக்கு ராத்திரி போனதும் அவர் பக்கத்துல உட்கார்ந்து, அந்த விழுந்த கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுங்க.

 

மாலை போட்ட சாமிங்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்பலப்புழையில ரயில்வே ஸ்டேஷனே இருக்கு. திருவல்லா போற ரோட்டுல கருமாடின்னு கேட்டா யார் வேணும்னாலும் வழி சொல்லுவாங்க. ஒரு தூக்கு எண்ணெய் எடுத்துட்டுப் போங்க. அவ்வளவு தூரம் முடியாதவங்க சேலம் ஜில்லாவுல தியாகனூர் போங்க, ஆத்தூர் பக்கம். அங்க ரெண்டு புத்தர் இருக்கார், ஊர்க்காரங்கதான் கும்பிட்டுக் காப்பாத்தறாங்க. சோழ நாட்டுல இன்னும் எத்தனையோ புத்தர் வயல்வெளியில இருக்கார். உங்க ஊர்ல ஒருத்தர் இருந்தா, தலை இல்லைன்னாலும் கை இல்லைன்னாலும், நாளைக்கே போய்ச் சுத்தி இருக்கற முள்ளை வெட்டி, ஒரு விளக்கு வைங்க.