நிறுத்து வாங்கி நிறுத்துக் கொடுப்போம்



தொழுகையின் சட்டங்களையும் நோன்பின் சட்டங்களையும் கேட்டறிவதில் நாம் மிகுந்த அக்கறை காட்டுகிறோம். ஆனால், பகல் பொழுதின் பெரும்பகுதி கழிவது தறியிலும் கடையிலும் தொழிற்சாலையிலும் அல்லவா? அந்த நேரத்திற்கும் மறுமையில் கேள்வி கணக்கு உண்டு.

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். இந்த வட்டாரத்தின் புகழ்பெற்ற தொழில் பட்டு நெசவு. முதலாளி பட்டு நூலையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுக்கிறார். நெசவாளி வீட்டுத் தறியில் நெய்து சேலையைக் கொண்டு வருகிறார். அதையும் நிறுத்துப் பார்த்துக் கூலி கணக்கிடுகிறார்கள். இடையில் பல நாட்கள் அந்தப் பொருள் நெசவாளியின் கையில் இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்ப்பவர் எவருமில்லை. இதையே நம் மார்க்கம் அமானத் என்கிறது.

அசல் ஜரிகை, பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. போலி ஜரிகையும் கடை விளக்கில் அதைப் போலவே மின்னும். 2004ல் மத்திய பட்டு வாரியம் 'சில்க் மார்க்' முத்திரையைக் கொண்டு வந்தது. ஆனால் அது பட்டுக்கு மட்டுமே சாட்சி. ஜரிகை அசலா, போலியா என்பதற்கு வியாபாரியின் நாவை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். மகளின் கல்யாணத்திற்காக வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தோடு வரும் தகப்பனிடம் அந்த நாக்குப் பொய் சொன்னால், அந்த லாபத்தில் பரக்கத் ஏது?

நம் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். ஒரு முறை கூட்டாளிக்குச் சரக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு துணியில் குறை இருந்தது. குறையைச் சொல்லியே விற்க வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். கூட்டாளியோ மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கிற்குக் கிடைத்த பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் சரித்திரம் எழுதியோர் கூறுகின்றனர்.

தனக்கு வரவேண்டியதை நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைத் திருக்குர்ஆனின் 83வது அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. இது தராசு பிடிப்பவருக்கு மட்டுமல்ல. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அங்கே நேரமே படிக்கல். எட்டு மணி நேரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஆறு மணி நேரம் உழைப்பதும் அளவில் மோசம்தான். தொழுகைக்கென்று எழுந்து போய், தொழுத பிறகும் பேச்சில் நேரத்தைப் போக்கினால், பார்ப்பவர்கள் குறை சொல்வது நம்மை மட்டுமா? நம் தீனையும் அல்லவா?

முதலாளிமார்களும் கவனிக்க வேண்டும். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். கூலிக்காக நாலு நடை நடக்க வைப்பதும் அளவைக் குறைப்பதே.

ஆகவே சில பழக்கங்களை இன்றே கைக்கொள்வோம். பொருளை வாங்கும்போதும் ஒப்படைக்கும்போதும் இருவரும் பார்க்க நிறுத்து, நோட்டில் எழுதிக்கொள்வோம். முடியாத தேதிக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒப்புக்கொண்டபின் தாமதமாகும் என்று தெரிந்தால், கேட்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். குறையை மறைக்காமல் சொல்லி விற்போம். தொழுகை நேரத்தை மேலாளரிடம் முதலிலேயே பேசி அனுமதி பெற்று, முடிந்ததும் இடத்திற்குத் திரும்புவோம். தாய்மார்களே, பிள்ளை சம்பளம் கொண்டு வரும்போது எவ்வளவு என்று கேட்பதோடு, எப்படி வந்தது என்றும் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஜ்கையும், அமானத்தைப் பேணும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.