பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொன்ன நாள்

என் கம்ப்யூட்டரில் முதன்முதலாக லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தவன் அக்கா மகன். எனக்குப் பார்வை கிடையாது. திரையில் வருவதை அவன் படிக்கப் படிக்க, நான் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"மாமா, பழசெல்லாம் அழிஞ்சிடும்னு போட்டிருக்கு. சரின்னு குடுக்கட்டுமா?"

எந்த டிஸ்க் என்று கேட்டேன். ஒண்ணுதான் காட்டுது என்றான். ஐந்து வருஷத்து எழுத்து அந்தப் பெட்டியில் கிடந்தது. பிரதி எடுத்து வைத்திருந்தேன்தான், என்றாலும் வயிறு கலங்கியது. அவன் கண்ணை நம்பி "குடு" என்றேன். அடுத்து, பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்றான். கூடத்தில் அக்கா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சத்தமாகச் சொன்னேன். கீபோர்டை இப்படித் தள்ளு, நானே அடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தோணவே இல்லை. யார் கேட்டாலும் சொல்லியே பழகிப்போன நாக்கு.

பையன்மேல் குற்றமில்லை. உள்ளே போனபிறகு எல்லாம் பேசியது. ஆர்கா என்ற திரைபடிப்பான் 2006லேயே குனோம் மேசைத்தளத்தோடு சேர்ந்துவிட்டது. கடிதம் எழுதலாம், பத்திரிகை படிக்கலாம். ஆனால் அன்றைக்கு நாங்கள் போட்ட இன்ஸ்டாலர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் நடமாடத் தெரிந்தவனை வாசலில் மட்டும் இன்னொருவன் கைபிடித்துக் கூட்டிவர வேண்டுமென்றால், அந்த வீடு யாருடையது?

கட்டற்ற மென்பொருளுக்கு ஸ்டால்மன் வகுத்த சுதந்திரங்கள் நான்கு. முதலாவதுக்கு எண் 0: எந்தக் காரியத்துக்காகவும் நிரலை இயக்கிக்கொள்ளும் சுதந்திரம். மற்ற மூன்றும் அதன்மேல்தான் நிற்கின்றன. நிறுவவே முடியாதவனுக்கு எதை இயக்குகிற சுதந்திரம்?

"சும்மா கொடுக்கிறார்கள், கூலியில்லாமல் உழைக்கிறார்கள், அதிலும் குறை சொல்வதா?" என்று ஒரு தோழர் கேட்டார். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனசில்லை. ஆர்காவை வளர்த்ததில் சன் நிறுவனத்தின் சம்பளத்துக்குப் பங்குண்டு. 2010ல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. அந்த வேலையிலிருந்தவர்கள் சிலருக்கு வேலை போயிற்று. பிறகு அதைத் தாங்கிப் பிடித்தவை ஒரு சில கைகள்தாம். அந்தக் கைகளிடம் நான் மேலும் கேட்கவில்லை. நான் கேட்பது மற்றவர்களிடம். ஒரு பொத்தானுக்குப் படம் வரைகிறவர் அதற்கொரு பெயரும் எழுதிவைத்தால் ஆர்கா அந்தப் பெயரைச் சொல்லும். எழுதாவிட்டால் "பட்டன்" என்று மட்டும் சொல்லும். அடுத்ததும் பட்டன். அதற்கடுத்ததும் பட்டன். பெயர் எழுத ஒரு வரி போதும். எங்கள்மேல் வெறுப்பு வைத்து விட்டதில்லை. நாங்கள் வருவோம் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நினைக்காமல் போனதைத்தான் என்னால் லேசில் விட முடியவில்லை.

பார்வையற்றவர்களுக்கென்றே உபுண்டுவிலிருந்து கிளைத்த வைனக்ஸ் என்று தனி லினக்ஸ் ஒன்று இருந்தது. அதைப் பழிக்க மாட்டேன். பொதுவாசல் சாத்தியிருந்தபோது ஒதுங்க இடம் கொடுத்தது. இன்றைக்கு அது இல்லை, நின்றுபோய்விட்டது. உங்களுக்குத்தான் தனியாக இருக்கிறதே என்று பொதுவாசலைச் சாத்தியே வைக்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

முடியாத காரியமும் இல்லை. 2013ல் வந்த டெபியன் 7ல் இன்ஸ்டாலரே ஒலிபெருக்கி வழியாகப் பேசியது. தொடக்கப் பட்டியல் வந்ததும் ஒரு பீப். எஸ் எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால் ஈஸ்பீக்கின் தகரக்குரல் ஒவ்வொரு கேள்வியாக வாசிக்கும். ஒரு ராத்திரி, வீடு தூங்கியபிறகு, காதில் இயர்போனோடு நானே உட்கார்ந்து போட்டேன். டிஸ்கை அழிக்கவா என்று கேட்டது. மூன்று தரம் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் சரி கொடுத்தேன். பாஸ்வேர்டு இரண்டு தரம் கேட்டது. வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் வேறு மெஷின் வாங்கினேன். யுஎஸ்பியிலிருந்து கிளம்பச் சொல்லும் பயாஸ் திரை இதிலும் பேசவில்லை. உள்ளே ஸ்பீக்கர் எப்படியோ, பீப்பும் கேட்கவில்லை. அக்கா மகனைத்தான் கூப்பிட்டேன். இப்போது அவனுக்கு மீசை முளைத்துவிட்டது.

"பட்டியல் வர்ற வரைக்கும் நீ படி. எஸ் தட்டினதும் எழுந்து வெளிய போயிடணும்."

"ஏன் மாமா, நான் பாத்தா என்ன?" என்றான்.

போய் டீ வாங்கிவரச் சொன்னேன்.