நம் மரத்தில் யார் ஏறுவது?

உங்கள் வீட்டில் தென்னை மரம் நிற்கிறதா? அப்படியென்றால் இந்தச் சங்கடம் உங்களுக்கும் வந்திருக்கும்.

தேங்காய் முற்றிக் காய்ந்து தொங்கும். கீழே பிள்ளைகள் விளையாடும், அம்மா துணி காயப்போடுவார். எது எப்போது விழும் என்று தெரியாது. மரமேறுகிறவருக்குப் போன் போட்டால், "நாளைக்கு வாறேன் சாரே" என்பார். அந்த நாளை வருவதற்குப் பத்து நாள் ஆகும்.

மார்த்தாண்டம் பக்கம் இது தினசரிப் பேச்சு. கல்யாண வீட்டில், சர்ச் வாசலில், டீக்கடையில் என்று எங்கே நாலு பேர் கூடினாலும், ரப்பர் விலைக்கு அடுத்தபடி இந்தப் புலம்பல்தான்: "தேங்கா வெட்ட ஆளு கிட்டமாட்டேங்குது."

எங்கள் வீட்டில் ஒன்பது மரம். இருபது வருஷமாக ஒரே அண்ணன்தான் ஏறுகிறார். 45 நாளைக்கு ஒருமுறை வருவார். போன வருஷம் ஒருநாள் வேலை முடித்து இறங்கி, தளைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"சாரே, இனி மரத்துக்கு 80 ரூவா வேணும். 60 கட்டுபடியாவாது."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மரத்துக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாத வேலை. அதற்கு 80 ரூபாயா? பேரம் பேசினேன். அவர் பதில் பேசவில்லை. நான் கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

நான் பி.காம் படித்தவன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு பாடம் உண்டு. ஒரு பொருளை நாமே செய்வது லாபமா, வெளியில் வாங்குவது லாபமா என்று கணக்குப் போடும் பாடம். உட்கார்ந்து போட்டேன். ஒன்பது மரம், 80 ரூபாய் வீதம் ஒரு தடவைக்கு 720. வருஷத்துக்கு எட்டு தடவை என்றால் 5,760. தென்னை ஏறும் கருவி 3,200 ரூபாய்க்குக் கிடைத்தது. ஐந்தாவது தடவையிலேயே போட்ட முதல் திரும்பிவிடும். அப்புறம் எல்லாம் லாபம்!

கருவி வீட்டுக்கு வந்தது. கேரளாவில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே.ஜோசப் என்ற விவசாயி உருவாக்கிப் பரவலான மாதிரி அது. இரண்டு சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிப் பிடிக்க ஓர் இரும்புக் கயிறு, கால் வைக்க ஒரு மிதி. ஒரு காலைத் தூக்கிக் கையால் சட்டத்தை மேலே நகர்த்தினால் கயிறு இளகும். மிதித்தால் மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மாற்றி மாற்றி மிதித்தால் போதும், படி ஏறுவதுபோல ஏறிவிடலாம்.

ஏறினேன். இருபதடி வரைக்கும் ஏறினேன். அங்கே கீழே பார்த்துத் தொலைத்தேன்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் தினமும் வண்டி ஓட்டுகிறவன்தான் நான். அங்கே வராத பயம் இங்கே வந்தது. கருவி சரியாகத்தான் இருந்தது. நடுங்கியது என் கால்தான். மேலே போகவும் முடியவில்லை, கீழே வரவும் முடியவில்லை. வீட்டுக்காரி அந்த அண்ணனுக்குப் போன் போட்டாள். பத்து நாள் கழித்து வருகிற மனிதர் அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் வந்து நின்றார்.

"கீழ பாக்காதீங்க சாரே, மரத்தப் பாருங்க. வலது கால லேசாக்குங்க. ஆங், எறக்குங்க. இனி எடது." குழந்தைக்கு நடை பழக்குவதுபோல இறக்கினார். சிரிக்கவே இல்லை. அந்த மரியாதையை என்னால் மறக்க முடியாது.

பிறகு அவர் அதே மரத்தில் தளையை மாட்டிக்கொண்டு ஏறினார். தேங்காயைத் தட்டிப் பார்த்து முற்றினதை மட்டும் வெட்டினார். காய்ந்த ஓலையைக் கழித்தார். இறங்கி வந்து, "மண்டையில வண்டு துளச்சிருக்கு. இப்பவே மருந்து வச்சா மரம் பொழைக்கும்" என்றார். காண்டாமிருக வண்டு. கீழே நின்று பார்த்தால் எனக்குச் சாகும்வரை தெரிந்திருக்காது. மரம் சாகும்போதுதான் தெரிந்திருக்கும். பத்து நிமிஷம் என்று நான் கணக்கு எழுதியதற்குள் இத்தனை இருந்தது.

காப்பி குடிக்கும்போது கேட்டேன். இருபது வருஷத்தில் கேட்டிருக்க வேண்டியதை அன்றைக்குத்தான் கேட்டேன். "அண்ணே, நீங்க விழுந்திருக்கீங்களா?"

"ரெண்டு தடவ. ஒரு தடவ ஆறு மாசம் கெடப்புல."

"செலவு யாரு பாத்தா?"

"மரத்துக்காரரு 500 ரூவா தந்தாரு. நல்ல மனுசன்." இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நல்ல மனிதர் என்றுதான் சொன்னார்.

நான் போட்ட கணக்கை மறுபடி நினைத்துப் பார்த்தேன். கூலிக்கு ஒரு காலம் இருந்தது, கருவிக்கு ஒரு காலம் இருந்தது. விழுவதற்குக் காலமே இல்லை. அந்தச் செலவு வராது என்று அர்த்தமில்லை. அது வேறொருவர் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. ஒரு காலத்தில் லண்டன் வீடுகளில் அடுப்புப் புகைபோக்கிக்குள் சின்னப் பையன்களை ஏற்றித்தான் கரியைச் சுரண்டினார்கள். அந்தத் தொழிலாளிகளுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற டாக்டர் 1775-ல் எழுதினார். அடுத்த வருஷம், 1776-ல், ஆடம் ஸ்மித்தின் புகழ்பெற்ற பொருளாதாரப் புத்தகம் வந்தது. கஷ்டமான, அழுக்கான வேலைக்குக் கூலி கூடுதலாக இருக்கும் என்பது அதில் வரும் ஒரு வாதம். காமர்ஸ் மாணவனாக அதை நானும் மனப்பாடம் செய்தேன். புகைபோக்கிக்குள் இருந்த பையனுக்கு மட்டும் அந்த விதி எட்டவில்லை. வேண்டாம் என்று சொல்ல முடிகிறவனுக்குத்தான் கூலி கூடும்.

அதைவிட உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஆள் ஏறாமலே சுத்தம் செய்யும் கருவியை ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் 1803-லேயே செய்துவிட்டார். 1840-ல், 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஏறக்கூடாது என்று சட்டமும் வந்தது. ஆனாலும் பையன்தான் சுத்தமாகச் செய்வான் என்று பல வீட்டுக்காரர்கள் விடவில்லை. ஜார்ஜ் பிரூஸ்டர் என்ற சிறுவன் புகைபோக்கிக்குள் சிக்கிச் செத்த பிறகு, 1875-ல் கொண்டுவந்த கடுமையான சட்டம்தான் அதை முடித்து வைத்தது. கருவி வந்து 72 வருஷம்! அந்த வீட்டுக்காரர்கள் கொடூரமானவர்கள் அல்ல. என்னைப்போலச் சாதாரணமானவர்கள். கணக்கில் ஒரு காலத்தை விட்டுவிட்டவர்கள்.

நம் மண் மட்டும் என்ன? பழைய திருவிதாங்கூரில் பனையேறுகிறவர்களிடம் ஏணிக்கு ஏணிக்காணம், தளைக்குத் தளைக்காணம் என்று வரி வாங்கியிருக்கிறார்கள். உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவனிடமே, ஏறுவதற்கும் காசு!

சரி, அப்படியென்றால் அவரவர் மரத்தில் அவரவரே ஏறுவதுதான் தர்மமா? இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழக்கமில்லாத நான் ஏறி விழுந்தால் உலகத்தில் ஒரு அநியாயம் குறையாது, ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில்தான் குறையும். ஆபத்தான வேலைக்கு ஆளையே கூப்பிட மாட்டேன் என்பதும் சரியாக வரவில்லை. அதை அவரிடமே சொல்லிப் பார்த்தேன். "அப்ப எனக்குச் சோறு?" என்றார். என் மனசாட்சியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அவர் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

ஆகவே, யார் ஏறுவது என்ற கேள்விக்குக் கீழே வேறு கேள்விகள் இருக்கின்றன. அவர் கேட்ட கூலிக்கு நான் முகம் சுளிக்காமல் இருக்கிறேனா? ஆபத்தைக் குறைக்க முடிந்ததைச் செய்தேனா? அதையும் மீறி விழுந்தால் யார் தாங்குவது?

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் கேரளாவில் 'தென்னையின் நண்பர்கள்' என்று ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. கருவியில் ஏறச் சொல்லிக்கொடுத்தார்கள், பெண்களும் கற்றுக்கொண்டு ஏறினார்கள். 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீடும் வாரியத்திடம் உண்டு. பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே கட்டும். மிச்சம் சின்னத் தொகைதான். நானே விசாரித்து, அந்தத் தொகையைக் கட்டினேன். கருவியை ஓர் இடுப்பு பெல்ட்டோடு அவரிடமே கொடுத்தேன். முதலில், "இது ஆமையாக்கும் சாரே" என்று சிரித்தார். மழைக்காலத்தில் மரம் வழுக்கும்போது இப்போது அதைத்தான் மாட்டுகிறார். கூலி மரத்துக்கு 100. அவர் 80தான் கேட்டார். 20 ரூபாய் என் பழைய பாக்கி.

இதையெல்லாம் செய்ததால் நான் நல்லவனாகிவிடவில்லை. இருபது வருஷம் தாமதமாக ஒரு கணக்கைத் திருத்தினேன், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு மகன். பாலிடெக்னிக் படிக்கிறான். "அவன் மரம் ஏறுவானா அண்ணே?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சார் மவன ஏத்துவீங்களா?"

மரமேற ஆள் கிடைக்கவில்லை என்று நாம் புலம்புகிறோமே, அந்தப் புலம்பலுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா? நமக்கு ஆள் குறைவது, ஒரு அப்பா தன் பிள்ளையைக் கீழேயே நிறுத்திவைத்திருக்கிறார் என்பதற்கும் அடையாளம். அதில் வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை. அடுத்து வைக்கிற கன்று குட்டை ரகமாக இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். தரையில் நின்றே நான் வெட்டிக்கொள்வேன்.

அதுவரைக்கும் அந்த ஒன்பது நெட்டை மரங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கும். அடுத்த தடவை உங்கள் அண்ணன் தளையை மாட்டும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி இதை மட்டும் கேட்டுவிடுங்கள்: "விழுந்தா யாருக்குப் போன் பண்ணணும்?" அந்த நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூலி பேசுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.